வானம் எடுத்துக்கொள்ளும் பங்கு: காவிரிப் படுகையின் ஆவிப்போக்கை அளக்கும் வழிகள்

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது பங்கு போட எடுத்துக்கொண்ட நீர் 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மிச்சமிருந்த 14-இல் பத்து சுற்றுச்சூழலுக்கு, நான்கு தடுக்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு. இந்தப் பாகப்பிரிவினையில் பெயரே சேராத பங்காளி ஒருவர் உண்டு. படுகையின் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர். அதன்மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் விழும் நீர் 2,860 டிஎம்சிக்கு மேல். 740 போக மற்றதில் பெரும்பகுதி ஆற்றுக்கு வந்து சேரவே இல்லை. காட்டிலும் மேட்டிலும் தோட்டத்திலும் விழுந்த இடத்திலிருந்தே வானத்துக்குத் திரும்பிவிட்டது. பங்கு போட்ட 740-இலும் பாதிக்கு மேல் வயலுக்குப் போய், அங்கிருந்து அதே வழியில்தான் போகிறது.

சொல்லை முதலில் சரிசெய்துகொள்வோம். மண்ணிலிருந்தும் ஏரி குளத்திலிருந்தும் நேரே எழுவது ஆவியாதல். வேர் உறிஞ்சி இலைத்துளை வழியே விடுவது நீராவிப்போக்கு. பள்ளிப் புத்தகத்தில் இவை இரண்டு பாடங்கள். காற்றில் கலந்தபின் எந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு என்பதால் நீரியலார் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். இங்கே அந்தக் கூட்டை ஆவிப்போக்கு என்கிறேன்.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவிப்போக்கை மழையைப் போலவே மில்லிமீட்டரில் சொல்வது வழக்கம். காவிரிப் படுகை முழுவதிலும் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் அது 2.87 டிஎம்சி. 93.47 டிஎம்சி கொள்ளும் மேட்டூர் அணை நிரம்பி வழியும்போது வைத்திருக்கும் நீர், படுகை முழுவதும் பரப்பினால் 33 மில்லிமீட்டர்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து எடுத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்த 14.75 டிஎம்சி ஐந்து மில்லிமீட்டர். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய 177.25 டிஎம்சி 62 மில்லிமீட்டர். ஆவிப்போக்கு 750 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதை அளப்பதில் பத்து சதவீதப் பிழை வந்தால் 75 மில்லிமீட்டர், அதாவது 215 டிஎம்சி. இரண்டு மாநிலங்கள் தெருவுக்கு வந்து சண்டையிடும் நீரைவிட, வானம் எடுத்ததை எண்ணுவதில் வரும் தடுமாற்றம் பெரிது. இந்தத் துறையில் பத்து சதவீதப் பிழை என்பது கைதட்ட வேண்டிய துல்லியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு சிரமம்? மழையை மழைமானியில் பிடிக்கலாம். ஆற்றை மதகில் அளக்கலாம். ஆவியைப் பிடிக்கப் பாத்திரம் கிடையாது. படுகை அளவில் ஆவிப்போக்கை யாரும் நேரடியாக அளந்ததில்லை. ஏதாவதொரு கணக்கில் எல்லா வரவு செலவும் எழுதி, கடைசியில் உதைக்கும் தொகையை ஆவிப்போக்கு என்று பெயரிட்டுக்கொள்கிறோம். அப்படி மூன்று பேரேடுகள் இருக்கின்றன: தரையின் நீர்க் கணக்கு, சூரிய ஆற்றலின் கணக்கு, காற்றின் ஈரப்பதக் கணக்கு. மற்ற வரிகளில் எழுதப்பட்ட பிழைகள் எல்லாம் வந்து படிவது மிச்சத்தில்தான். இந்த ஆய்வுத்துறையின் வரலாற்றை ஒரு பேரேட்டின் பிழையை இன்னொரு பேரேட்டால் கண்டுபிடிக்கும் முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

நீர்க் கணக்குதான் மூத்தது. 1687-இல் எட்மண்ட் ஹாலி, பின்னாளில் வால்மீனுக்குப் பெயர் கொடுத்தவர், ஒரு பாத்திரத்தில் உப்புநீரை வைத்துக் கோடைக்காற்றின் சூட்டுக்குக் கொண்டுவந்து, எடை எவ்வளவு குறைகிறது என்று தராசில் பார்த்தார். அதைப் பெருக்கி, மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு கோடைநாளில் 528 கோடி டன் நீர் ஆவியாகிறது என்று மதிப்பிட்டார். அதில் விழும் ஆறுகள் கொண்டுவருவது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் என்றும். எண்கள் முக்கியமல்ல. வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் அங்கே பிறந்தது.

சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மழையிலிருந்து ஓடையையும், நிலத்தடியில் நழுவுவதையும், மண்ணின் இருப்பில் வந்த மாற்றத்தையும் கழித்தால் மிச்சம் ஆவிப்போக்கு. காவிரியின் துணையாறான கபினியின் பக்கம், பந்திப்பூர்க் காட்டுக்குள் மூலெஹொளே என்று நான்கு சதுர கிலோமீட்டர் அளவில் ஓர் ஆய்வுப் பகுதி இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து கவனித்துவரும் இடம். அங்கே கிடைத்த ஐந்தாண்டு அளவீடுகளைக் கொண்டு 32 ஆண்டுகளுக்கு மாதிரிக் கணக்கிட்டு 2010-இல் வெளியிட்டார்கள். ஆண்டுச் சராசரி மழை 1,090 மில்லிமீட்டர். ஆவிப்போக்கு ஏறத்தாழ 900. ஓடையில் 100, நிலத்தடியில் 80. எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த 900-க்குள் ஒளிந்திருக்கும் ஒரு 100: மரவேர்கள் மண்ணுக்குக் கீழே, சிதைந்த பாறையடுக்கு வரை இறங்கி உறிஞ்சுவது. ஓடையில் ஓடும் அளவுக்குச் சமமான நீரை, மேலிருந்து பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் தெரியாத ஆழத்திலிருந்து மரங்கள் எடுத்து விடுகின்றன. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செயற்கைக்கோளிடம் போகும்போது தேவைப்படும்.

நீலகிரியில் கிளென்மார்கனில் நடந்த சோதனை இன்னும் எளிமையானது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் 59 சதவீதப் பரப்பில் நீலத் தைல மரம் நட்டார்கள். ஊட்டி மண்வள ஆய்வு மையத்தார் 1988-இல் வெளியிட்ட முடிவின்படி முதல் நடவுச் சுற்றில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. ஆவிப்போக்கை அளக்காமலே, ஓடைகள் இரண்டையும் ஒப்பிட்டே, தைல மரம் எவ்வளவு குடிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஓடைகளும் மோயாறு வழியாகக் கடைசியில் காவிரிக்குத்தான் வருகின்றன.

படுகை பெரிதாகப் பெரிதாக இந்த நேர்த்தி போய்விடுகிறது. குடகின் மேற்கு முகட்டில் பல ஆயிரம் மில்லிமீட்டர் மழை. 150 கிலோமீட்டருக்குள் மைசூரில் 800 சொச்சம். இடையில் இருக்கும் சரிவில் மழைமானி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் படுகையின் வரவே மாறிவிடும். இந்திய வானிலைத் துறை நாடெங்கும் 6,955 மழைமானிகளின் பதிவுகளைக் கொண்டு கால் பாகைக் கட்டங்களாக மழைத் தரவு தந்திருக்கிறது, பெரிய பணி. ஆனால் மலைமுகட்டில் ஒரு கட்டம் என்பது 27 கிலோமீட்டர் அகலம், அதற்குள்ளேயே மழை பாதியாகும். இருப்பில் வரும் மாற்றத்தை அளக்க, 2002 முதல் 2017 வரை பறந்த கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களும் 2018-இல் ஏவப்பட்ட அவற்றின் வாரிசுகளும் உண்டு. நிலத்தடி நீர் கூடிக் குறைவதை ஈர்ப்புவிசையின் நுண்ணிய மாற்றமாக அவை உணர்கின்றன. கங்கைக்கு அது போதும். ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் கிரேஸ் தெளிவாகப் பிரித்தறியாது. காவிரி அந்தக் கண்ணுக்கு ஒரே ஒரு மங்கல் புள்ளி.

இனி வானத்தின் பக்கமிருந்து. எவ்வளவு நீர் போனது என்று கேட்பதற்குப் பதில், காற்று எவ்வளவு நீர் கேட்கிறது என்று தொடங்கும் வழி இது. 1802 வாக்கில் மான்செஸ்டரில் ஜான் டால்டன், நீர்ப்பரப்பிலும் காற்றிலும் உள்ள ஆவி அழுத்தங்களின் வித்தியாசமே ஆவியாதலை நடத்துகிறது என்று கண்டார். ஈரத்துணி ஆடியில் சீக்கிரம் காய்வதும் ஐப்பசியில் காயாமல் கிடப்பதும் இதனால்தான். 1948-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் இதோடு ஆற்றல் கணக்கைச் சேர்த்தார். ஒரு கிலோ நீர் ஆவியாக 2.45 மெகாஜூல் வேண்டும். அதைத் தருவது சூரியன், ஆவியைக் கொண்டுபோவது காற்று. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கோத்ததால், வெயில், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும் என்றானது. 1965-இல் ஜான் மான்டீத் இலைத்துளைகள் காட்டும் தடையை அதில் நுழைத்தார். செடி என்பது திறந்த தொட்டி அல்ல, வாயை மூடவும் தெரிந்த உயிர் என்பது அப்போதுதான் சமன்பாட்டுக்குள் வந்தது. ஐநா உணவு வேளாண் அமைப்பு 1998-இல் இதைப் பயிர்க் கணக்குக்கான உலகப் பொதுமுறையாக்கியது: 12 சென்டிமீட்டர் உயரப் புல், மீட்டருக்கு 70 வினாடித் தடை, 0.23 எதிரொளிதிறன். அந்தக் கற்பனைப் புல்லின் ஆவிப்போக்கைக் கணக்கிட்டு, நடுப்பருவ நெல் என்றால் 1.2 ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். காற்று கேட்பது வேறு, நிலம் கொடுப்பது வேறு. நம் வானிலை நிலையங்களில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆவியாதல் தொட்டி ஒன்று, காக்கை குருவி குடித்துவிடாதபடி மேலே கம்பிவலை போட்டு, மரச்சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். சித்திரைக் கத்திரியில் திருச்சிப் பக்கம் அந்தத் தொட்டியில் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் இறங்கும். அதே நாளில் வேலிக்கு வெளியே வெடித்துக் கிடக்கும் தரிசில் ஆவியாக எதுவுமே இல்லை. கார்த்திகையில் தலைகீழ்: தொட்டியில் மூன்று மில்லிமீட்டர், வயலிலும் ஏறத்தாழ அதே மூன்று. 1963-இல் பிரெஞ்சு நீரியலர் புஷே இதை ஒரு விதியாகவே சொன்னார். நிலம் வறண்டு ஆவி குறையும்போது, செலவாகாத வெப்பம் காற்றைச் சூடாக்கி உலர்த்துகிறது. அதனால் தொட்டியின் ஆவியாதல் ஏறுகிறது. ஒன்று இறங்க ஒன்று ஏறும் ஏற்றத்தின் இரு முனைகள் போல. காற்றின் வறட்சியே நிலத்தின் வறட்சிக்குச் சாட்சி என்பதால், மண்ணின் ஈரத்தைத் தொடாமலே, வானிலை நிலையத் தரவை மட்டும் வைத்து உண்மை ஆவிப்போக்கை ஊகிக்கும் முறைகள் இந்த விதியிலிருந்து கிளைத்தன.

இதற்கு ஒரு சுவையான பின்கதை உண்டு. புவி சூடாகும்போது தொட்டி ஆவியாதல் கூட வேண்டும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இந்திய நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து சட்டோபாத்யாயவும் ஹல்மும் 1997-இல் வெளியிட்டபோது அது குறைந்திருந்தது. அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் அப்படியே. நிலத்திலிருந்து ஆவிப்போக்கு கூடியதால் காற்று ஈரமாகித் தொட்டியில் குறைந்தது என்றார்கள் புரூட்சேர்ட்டும் பார்லாஞ்சும், 1998-இல். வெயிலே குறைந்துவிட்டது என்றார்கள் ரோடரிக்கும் ஃபர்குவாரும், 2002-இல். ஒரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு, நிலத்தின் ஆவி கூடியதா குறைந்ததா என்பதிலேயே இரண்டு எதிரெதிர் முடிவுக்கு வர முடிந்தது. வானிலைத் தரவை மட்டும் நம்புவதன் எல்லை இதுதான்.

அந்த எல்லைக்கு அப்பால் போகச் செயற்கைக்கோள் வந்தது. அது ஆவியைப் பார்ப்பதில்லை, பார்ப்பது சூட்டை. நீர் ஆவியாகும் இடம் குளிர்ந்திருக்கும், ஆவியாக நீரில்லாத இடம் கொதிக்கும். மண்பானை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் தெரிந்த இயற்பியல். முற்பகல் வெயிலில் நீர்கட்டிய வயலுக்கும் பக்கத்துத் தரிசுக்கும் பத்துப் பதினைந்து பாகை வித்தியாசம் இருக்கலாம். வெப்ப அகச்சிவப்புக் கதிரில் அந்த வித்தியாசம் படமாக விழும். பிறகு ஆற்றல் பேரேடு: தரைக்குக் கிடைத்த நிகரக் கதிர்வீச்சு வரவு, மண்ணுக்குள் இறங்கியதும் காற்றைச் சூடாக்கியதும் செலவு, மிச்சம், நீரை ஆவியாக்கப் போனது. மறுபடியும் மிச்சம்தான்.

காற்றைச் சூடாக்கிய வெப்பத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் முழுவதும். அதற்குத் தரைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். செயற்கைக்கோள் தரும் தரை வெப்பநிலையில் ஒரு பாகை பிழை சாதாரணம். வயல்வெளியில் அந்த ஒரு பாகை, சதுர மீட்டருக்கு 24 வாட் அளவில் கணக்கைக் கெடுக்கும். நாள் முழுதும் அப்படி நீடித்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நெதர்லாந்தின் விம் பாஸ்டியான்சன் 1998-இல் வெளியிட்ட செபால் முறையில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார். படத்திலேயே மிகச் சூடான தரிசு ஒன்றையும், மிகக் குளிர்ந்த பசுவயல் ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். தரிசில் ஆவி பூச்சியம், பசுவயலில் காற்றைச் சூடாக்குவது பூச்சியம். மற்ற எல்லா இடத்தையும் இந்த இரண்டுக்கும் நடுவே வரிசைப்படுத்திவிட்டால், வெப்பநிலை ஒட்டுமொத்தமாக ஒரு பாகை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் கவலையில்லை. அமெரிக்காவின் ஐடஹோவில் ரிக் ஆலன் இதையே வானிலை நிலையத்தின் கணக்கோடு பிணைத்து மெட்ரிக் என்ற முறையாக்கினார். அங்கே நீர் உரிமை விவகாரங்களில் மாநில நீர்வளத் துறையே அதைப் பயன்படுத்துகிறது.

ஐடஹோவின் பாலைச் சமவெளியில் பாசனப் பச்சையும் வறண்ட புதர்நிலமும் ஒரே படத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. தஞ்சாவூரில் தை மாதம் எந்தப் பக்கம் திரும்பினாலும் சம்பா. சூடான புள்ளிக்கு எங்கே போவது? பேருந்து நிலையத்துக்கா? மேட்டூர் திறக்குமுன் வைகாசியில் எங்கும் காய்ச்சல் தரை. குளிர்ந்த புள்ளிக்கு ஒரு தென்னந்தோப்பையோ ஆழ்துளைக் கிணற்றுக் கரும்பையோ தேட வேண்டும். ஒரே படத்தை இரண்டு வல்லுநர்களிடம் கொடுத்தால் இரண்டு வேறு புள்ளிகளைத் தேர்ந்து இரண்டு வேறு ஆவிப்போக்கு தருவார்கள். வழவழப்பான வண்ண வரைபடத்தில் இந்தத் தேர்வு தெரிவதே இல்லை என்பது என் நெடுநாள் குறை.

புள்ளியின் அளவும் ஒரு சங்கடம். லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 100 மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். டெல்டாவில் இரண்டரை ஏக்கருக்குள் மூன்று பேரின் நெல்லும் ஒரு வாழைத்தோப்பும் வாய்க்கால் கரையும் அடங்கும். மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர்; ஒரு சிற்றூரே அதற்குள் போய்விடும். மோடிஸ் தினமும் வருகிறது, லேண்ட்சாட் ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை. கூர்மையும் அடிக்கடி வருகையும் ஒன்றாய்க் கிடைப்பதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கொடியது மேகம். காவிரிக்கு இரண்டு மழைக்காலம்: ஆடி ஆவணியில் குடகும் வயநாடும், ஐப்பசி கார்த்திகையில் டெல்டா. நிலம் நனைந்து செடி செழித்திருக்கும் நாள்களில்தான் வானம் மூடிக்கிடக்கிறது. வெப்ப அகச்சிவப்பு மேகத்தைத் துளைக்காது. தெளிந்த நாள்களின் படங்களை மட்டும் கோத்து ஆண்டுக் கணக்குப் போட்டால், வெயில் நாளின் ஆவிப்போக்கை மூட்டமான நாளின் தலையிலும் கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

காட்டில் இன்னொரு பலவீனம். உயரமும் மேடுபள்ளமுமான விதானத்தில் காற்று வெப்பத்தை எளிதில் வாரிக்கொண்டு போவதால் தரைக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான். வயலில் 24 வாட் பிழை தந்த அதே ஒரு பாகை, காட்டில் நூறு வாட்டைத் தாண்டும். குடகின் காடுகளையும் நிழல்மரக் காப்பித் தோட்டங்களையும் சூட்டை மட்டும் வைத்து எடைபோடுவது, கல்யாண வீட்டில் சமையலறைச் சத்தத்தை வைத்துச் சாப்பிட்டவர்களை எண்ணுவது போல. அங்கே ஆவிப்போக்கை நிர்ணயிப்பது காற்றின் உலர்வும் இலைத்துளையின் திறப்பும். ஆகவே காட்டுக்கு வானிலைத் தரவு, வயலுக்கு வெப்பப் படம் என்று பிரித்துக்கொள்வதே சரி. படுகை முழுவதற்கும் ஒரே முறை என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரண்டையும் சேர்த்துக்கட்டும் முயற்சிகள் 1990களிலேயே தொடங்கின. அவற்றில் என்னைக் கவர்ந்தது அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தார் கான்சாஸ் மாநிலத்தின் வால்நட் ஆற்றுப் படுகையில் செய்து 2000-இல் வெளியிட்ட பாஸ் என்னும் முறை. செயற்கைக்கோளிடம் ஆவிப்போக்கு எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. தெளிந்த நாளின் பசுமைக் குறியீட்டையும் தரை வெப்பநிலையையும் வைத்து, வேர் எட்டும் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். மண்ணின் ஈரம் ஒரு மணி நேரத்தில் மாறிவிடாது. நாள்கணக்கில் நிதானமாக இறங்குவது. அதைத் தெரிந்துகொண்டபின், மேகம் வந்தால் வரட்டும், வெயிலும் காற்றும் ஈரப்பதமும் மணிக்கு மணி வானிலைத் தரவிலிருந்து வருகின்றன; கணக்கு நிற்காமல் ஓடும். மறுபடி வானம் தெளிந்ததும் கணக்கிட்ட ஈரம் சரிதானா என்று ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வேகமாக மாறுவதைக் காற்றிடமும் மெதுவாக மாறுவதைச் செயற்கைக்கோளிடமும் கேட்கும் இந்த வேலைப்பிரிவினை காவிரி போன்ற மேகப் படுகைக்கே செய்துவைத்தது போல இருக்கிறது. மூலெஹொளேயின் ஆழவேர்கள் மட்டும் இதற்கும் பிடிகொடுக்காது. மேல்மண் காய்ந்து, காற்றும் உலர்ந்து, காடு மட்டும் பச்சையாக நின்றால், அந்தப் பச்சையே கீழே நீர் இருப்பதன் ஒரே சான்று.

மார்த்தா ஆண்டர்சனின் அலெக்ஸி முறை வேறொரு தந்திரம் செய்கிறது. வெப்பநிலை எவ்வளவு என்று கேட்காமல், விடிந்ததிலிருந்து உச்சிக்கு முன்வரை எவ்வளவு ஏறியது என்று கேட்கிறது. ஈரமான நிலம் மெதுவாகச் சூடேறும், காய்ந்தது மளமளவென்று ஏறும். ஏற்றத்தை மட்டும் எடுப்பதால் கருவியின் நிலையான பிழை தானே அடிபட்டுப்போகிறது. இதற்கு ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வேண்டும். நம்மிடம் 2013 முதல் இன்சாட்-3டி வரிசை அரை மணிக்கு ஒரு படம் தந்துகொண்டிருக்கிறது, வெப்பப் பட்டையில் நான்கு கிலோமீட்டர் கூர்மையில். ஒரு வட்டாரத்தின் சராசரிக்கு அது தாராளம்.

அமெரிக்காவில் 2021-இல் தொடங்கிய ஓப்பன்இடி, ஆறு முறைகளை ஒரே மேடையில் ஓடவிட்டு, வயல்வாரியாக முடிவுகளைப் பொதுமக்களுக்கே திறந்துவைத்தது. ஆறும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பலாம். விலகும் இடத்தில் விலகலே செய்தி. உலகம் முழுவதற்கும் எளிதில் கிடைக்கும் மோடிஸ் ஆவிப்போக்குத் தரவு, எம்ஓடி16, வெப்பப் படத்தைப் பயன்படுத்துவதே இல்லை. இலைப்பரப்பும் காற்றின் உலர்வும்தான் அதன் மூலதனம். வாய்க்காலில் நீர் வந்தது அதற்குத் தெரியாது. சுற்றிலும் காற்று உலர்ந்திருக்க, நடுவே நீர் தளும்பும் குறுவை வயலை அது பட்டினி போட்டுக் கணக்கெழுதிவிடும். பல பட்டப்படிப்பு ஆய்வேடுகள் இந்தத் தரவை அப்படியே இறக்கிப் பாசனப் படுகைகளுக்குப் பொருத்துவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது பேரேடு காற்றுக்குள்ளேயே இருக்கிறது. படுகையின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்ததாக எண்ணுங்கள். பக்கச் சுவர்கள் வழியே உள்ளே வரும் ஈரத்தைவிட வெளியே போவது எவ்வளவு அதிகம், பெட்டிக்குள் ஈரத்தின் இருப்பு எவ்வளவு கூடியது, இரண்டோடும் மழையைக் கூட்டினால் கீழிருந்து எழுந்த ஆவி. அமெரிக்க வானிலையியலர் யூஜின் ராஸ்முசன் 1960களில் வட அமெரிக்கா முழுவதற்கும் இதைச் செய்து காட்டினார். அழகான முறை: மண், பயிர், வேரின் ஆழம் எதையும் அறிய வேண்டாம். ஆழவேர் எடுத்த 100 மில்லிமீட்டரும் இதில் வந்தே தீரும். ஆனால் காற்றின் ஈரத்தையும் வேகத்தையும் அளக்கும் பலூன் நிலையங்களின் இடைவெளியால், பல லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த படுகைகளில் பிழை விடையையே விழுங்கிவிடும்.

இன்று ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5 மறுபகுப்பாய்வு 1940 முதல் மணிக்கு மணி, கால் பாகைக் கட்டங்களில் காற்றின் ஈரத்தையும் வேகத்தையும் தருகிறது. காவிரிப் படுகைக்குள் நூறு கட்டங்களுக்கு மேல் விழும். இடைவெளி குறைந்துவிட்டது, உண்மை. ஆனால் அதன் கணினி மாதிரி ஒவ்வொரு முறை அவதானிப்பைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போதும் எங்கிருந்தோ கொஞ்சம் ஈரம் சேர்கிறது, கொஞ்சம் காணாமல் போகிறது, கணக்கு மூடுவதில்லை. மாதக் கணக்கில் காவிரிக்கு இதை நம்ப மாட்டேன். பல ஆண்டுச் சராசரியில், மற்ற இரண்டு பேரேடுகளும் தரும் தொகை பைத்தியக்காரத்தனமானதா இல்லையா என்று சோதிக்க இது போதும்.

எது சரி என்று கடைசியில் சொல்ல வேண்டியது தரை. காற்றின் சுழல்களில் ஏறும் ஆவியையும் இறங்கும் ஆவியையும் வினாடிக்குப் பத்து இருபது தடவை அளக்கும் கோபுரங்கள் உலகெங்கும் உண்டு. அவையும் தெய்வவாக்கல்ல: அவை அளக்கும் வெப்பமும் ஆவியும் சேர்ந்து, கிடைத்த ஆற்றலுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாகவே வருகின்றன என்பது பல நிலையங்களை ஒப்பிட்டு 2002-இலேயே காட்டப்பட்ட சங்கதி. இருந்தும் ஆவியைத் தொட்டுப் பார்ப்பதற்கு மிக அருகில் வரும் கருவி அதுதான். கோபுரம் பார்ப்பது சுற்றிலும் சில நூறு மீட்டர். குடகில் காப்பித் தோட்டத்தில் ஒன்று, மாண்டியாவின் கரும்பில் ஒன்று, கரூர் மானாவாரியில் ஒன்று, டெல்டா நெல்லில் ஒன்று என்று நான்கே நான்கு இருபது ஆண்டுகள் நின்றாலே, செயற்கைக்கோள் முறைகளில் எது எங்கே தவறுகிறது என்று பிடித்துவிடலாம். செலவு ஒரு தடுப்பணைக்கும் ஆகாது.

மேலே புதிய கண்களுக்குக் குறைவில்லை. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளின் ராடார் மேகத்தைத் துளைத்து மேல்மண்ணின் ஈரத்தைப் பார்க்கும். கார்த்திகை மூட்டத்திலும் பாஸ் வழிக் கணக்கைத் திருத்த அது உதவும். இஸ்ரோவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் உருவாக்கிவரும் வெப்பப்படச் செயற்கைக்கோள் 57 மீட்டர் கூர்மையில், மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் திட்டம். தாகம் என்று பொருள்படும் திருஷ்ணா என்ற பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 57 மீட்டர் என்றால் ஒரு புள்ளி முக்கால் ஏக்கருக்குச் சற்று அதிகம். தஞ்சையின் சிறு விவசாயி ஒருவரின் நிலம் முதன்முறையாகத் தனிப் புள்ளியாகத் தெரியும்.

அதுவரை, டெல்டாவின் காரைக்காலில் வானிலைத் துறையார் விடியற்காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் விடும் பலூன் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வயலுக்கு மேலே காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைக்கிறது. புயலை முன்கூட்டிச் சொல்ல அந்தப் பதிவைப் புரட்டுகிறோம். காவிரி நீர்க் கணக்குக்காக அதைப் புரட்டுவோர் அரிது.